கமரா முன் மண்டியிட வைக்கப்பட்ட தம்பி: செய்தி வேறு, வழக்கு வேறு

கேள்வி

மட்டக்குளியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி அதன் சாரத்தைத் தருகிறோம்.

அவருடைய தம்பிக்கு 26 வயது. புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மூன்று வாரங்களுக்கு முன் விடியற்காலை ஐந்து மணிக்கு பொலிஸார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கூடவே தொலைக்காட்சிக் கமராவும் வந்திருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்த தம்பியை உடுத்திருந்த சாரத்தோடு முற்றத்தில் மண்டியிட வைத்துப் படம் பிடித்தார்கள். அம்மா கும்பிட்டதும், சகோதரியின் 11 வயது மகள் கதவோரம் நின்று அழுததும் அதில் பதிவாகிவிட்டன. அன்றிரவுச் செய்தியில், "12 கிராம் 300 மில்லிகிராம் ஐஸ் போதைப்பொருளுடன் பாதாள உலகக் குழுவின் நெருங்கிய சகா கைது" என்றார்கள். வீட்டாரே கேள்விப்படாத ஒரு பட்டப்பெயரைச் சொன்னார்கள். விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார்கள். ஏழு நாள் தடுத்து வைத்து விசாரித்த பிறகு தம்பி இப்போது கொழும்பு விளக்கமறியல் சிறைச்சாலையில் இருக்கிறார். படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குகிறாராம். சிங்களம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அப்பகுதி அரசியல்வாதி ஒருவர் கூட்டமொன்றில் இந்தக் குடும்பத்தைச் சுட்டிக்காட்டி, இப்படிப்பட்டவர்களுக்கு மனித உரிமை எதற்கு, ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்று பேசினாராம். அந்தப் பேச்சும் செய்தி வீடியோவும் பேஸ்புக்கில் சுற்றுகின்றன. கடை முதலாளி தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக வாயால் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் மாத முடிவில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். பிள்ளை பாடசாலைக்குப் போக மாட்டேன் என்கிறாள்.

தொலைக்காட்சிமீது அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா? ஊடகவியலாளர்களை அழைத்து எங்கள் பக்கத்தைச் சொல்லலாமா? அந்த வீடியோவை உடனே இல்லாமலாக்க வழி உண்டா? அரசியல்வாதிகள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் ஒருவர், அது சரியா? கடைசியாக எழுதியிருக்கிறார்: "உள்ளே இருப்பவர்கள் எல்லாம் உண்மையான குற்றவாளிகள். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. இதை ஊருக்கு எப்படி நிரூபிப்பது?"

பதில்

அன்புச் சகோதரி,

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடிப்படை உரிமை மீறல் மனுவை மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை விதிக்கும் காலம் அது. உங்களுக்கு மூன்று வாரங்கள் போய்விட்டன. தடுப்பில் இருந்தவர்கள் தாமதமாக வந்தபோது நீதிமன்றம் இரக்கம் காட்டியதுண்டு. அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

நாளைக்கே பம்பலப்பிட்டி ஆர்.ஏ. டி மெல் மாவத்தையிலுள்ள இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே கொடுக்கலாம். அவசர இலக்கம் 1996. ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்திருந்தால், அதன்மீது விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முறைப்பாட்டு இலக்கம் கையில் இருந்தால் போதும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்று பிறகு உயர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஆணைக்குழு விசாரணையைத் தொடங்கியதைக் குறிக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆணைக்குழுவை நம்பியே இராமல் மாதத்துக்குள் மனுவையும் தாக்கல் செய்துவிடுவது நல்லது.

மனுவை மீறலுக்கு உள்ளானவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோதான் கொடுக்கலாம். அக்கா என்ற முறையில் தம்பிக்காக நீங்கள் கையெழுத்திட முடியாது. சட்டத்தரணி சிறைச்சாலைக்குப் போய் தம்பியிடம், அவருக்காகத் தோன்ற அதிகாரமளிக்கும் 'புரொக்சி' பத்திரத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். அதற்கே இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்குள் கமராவைக் கொண்டுவந்து உங்களையும் அம்மாவையும் பிள்ளையையும் படம் பிடிக்கவிட்டது உங்களுக்கே நேர்ந்தது. அதற்கு நீங்களே மனுதாரராகலாம். சட்டத்தரணிக்குச் செலவழிக்க வசதியில்லாவிட்டால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத்தொகுதியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

யார்மீது மனு என்பதில் ஒரு திருத்தம். அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. தனியார் தொலைக்காட்சியை அதில் பிரதான எதிர்மனுதாரராக நிறுத்த முடியாது. அரச அலைவரிசையாக இருந்தால் கதை வேறு. உங்கள் விஷயத்தில் குறி பொலிஸ்தான். கமராவை வீட்டுக்குள் விட்டது யார்? மண்டியிடச் சொன்னது யார்? ஊடகத்துக்குப் பட்டப்பெயரும் ஒப்புதல் கதையும் கொடுத்தது யார்? இழிவாக நடத்தப்படுவதற்கு எதிரான 11ஆம் உறுப்புரை, சமத்துவத்துக்கான 12(1), குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை நிரபராதி எனக் கருதப்பட வேண்டும் என்னும் 13(5) ஆகியவற்றை இதில் முன்வைக்கலாம்.

தண்டப்பணம் கட்டி முடிக்கலாமா?

வேண்டாம். இந்த யோசனையைச் சொன்னவர் சொற்ப அளவு கஞ்சாவுக்குத் தண்டப்பணத்தோடு முடிந்த வழக்கைப் பார்த்திருப்பார். உங்கள் தம்பிமீது சொல்லப்படுவது வேறு வகையான குற்றம். அபாயகர ஒளடதக் கட்டளைச் சட்டத்துக்கான 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைவரை போகும். நீதவான் முன்னால் ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்கு வரக்கூடிய வழக்கு இதுவல்ல. ஊர்ப்பேச்சு சீக்கிரம் அடங்கட்டும் என்று செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்பவர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பேச்சை உண்மையாக்கிவிடுகிறார்.

இனி அந்த 12 கிராம் 300 மில்லிகிராமைப் பார்ப்போம். செய்தியில் வரும் எடை பெரும்பாலும் மொத்த எடை. பொட்டலத்துக்குள் இருக்கும் தூள் முழுவதையும் நிறுத்த கணக்கு. பல வழக்குகளில் அந்த முதல் நிறுவை நகை அடகுக்கடைத் தராசில் நடந்திருக்கிறது. சட்டம் பார்ப்பது அதையல்ல. பெலவத்தையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கையில் வரும் தூய அளவைத்தான் பார்க்கிறது. கலப்படம் போக மீதி எவ்வளவு என்பது அந்த அறிக்கை வந்தால்தான் தெரியும். பிணையும் அதைப் பொறுத்தது. தூய அளவு 10 கிராமும் அதற்கு மேலும் இருந்து, குற்றம் மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரியதாகவும் இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட காரணங்கள் இருந்தால்தான், பிணை கொடுக்கலாம். 10 கிராமுக்குக் குறைந்தால் மேல் நீதிமன்றத்தில் விசேட காரணங்களைக் காட்டிப் பிணை கேட்கலாம். 12.3 என்று தொலைக்காட்சி சொன்னது அறிக்கையில் 9ஆக வரலாம், 4ஆகவும் வரலாம். ஒவ்வொன்றும் வேறு வழக்கு. ஆகவே சட்டத்தரணி திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியது அந்த அறிக்கை எப்போது வரும் என்பதைத்தான்.

"ஒப்புக்கொண்டார்" என்ற வரியைக் கேட்டுக் கலங்காதீர்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இதற்கு விதிவிலக்கு உண்டு. தம்பியின் வழக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. நீதிமன்றம் கேட்காத ஒரு வாக்கியத்தை நாடு முழுவதும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியதை விட்டுவிடக் கூடாது. தமிழில் வாக்குமூலம் கொடுக்கவும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டக் கேட்கவும் அவருக்கு உரிமை இருந்தது. அடுத்த தவணையில் சட்டத்தரணி இதை நீதவானுக்குச் சொல்லி வழக்கேட்டில் பதிய வைக்க வேண்டும். மனித உரிமை முறைப்பாட்டிலும் எழுதுங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் 1956 இலக்கத்தில் முறையிடலாம்.

ஏழு நாள் தடுப்புக் காவல் என்றதும் பெரிய பாதாள உலக வழக்கு என்று ஊர் நினைத்திருக்கும். அபாயகர ஒளடதக் கட்டளைச் சட்டத்தின் 82ஆம் பிரிவில் நீதவான் வழக்கமாகக் கொடுக்கும் உத்தரவு அது.

அந்த வீடியோவை அழிக்கும் முன்

கடிதத்தில் மூன்று இடங்களில் வீடியோவை உடனே இல்லாமலாக்க வழி கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது உங்கள் குடும்பத்தைக் காயப்படுத்திய பொருள்தான். அதே வீடியோ தம்பிக்குச் சாட்சியாகவும் மாறலாம்.

தம்பி சாரத்தோடு நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொலிஸார் நீதிமன்றத்தில் கொடுத்த பி அறிக்கையில் பொட்டலம் எங்கே கிடைத்ததாக எழுதியிருக்கிறது? "காற்சட்டையின் வலது பையில்" என்று இருந்தால் அந்த ஒரு காட்சியே குறுக்கு விசாரணைக்குப் போதும். பி அறிக்கையில் நேரம் எத்தனை மணி? வீடியோவில் வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது? பொட்டலத்தை எடுப்பதைக் கமரா காட்டியதா, அல்லது மேசையில் வைத்த பிறகுதான் காட்டியதா? வீட்டுக்குள் நுழையும்போதே கமரா ஓடிக்கொண்டிருந்ததா? செய்தியில் வந்தது ஒரு நிமிடம் என்றாலும் எடுத்தது அரைமணி நேரமாகவும் இருக்கலாம். வெட்டப்படாத அந்த முழுப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி அலைவரிசைக்குச் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிறகு அதை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கக் கட்டளை கேட்கலாம்.

உங்கள் கையில் இருப்பதையும் ஒழுங்காகச் சேமியுங்கள். வட்ஸ்அப்பில் வந்த பிரதி போதாது, அது நசுங்கிய கோப்பு. பேஸ்புக்கிலிருந்தும் யூடியூபிலிருந்தும் நேரடியாகத் தரவிறக்கி, இணைப்பையும் பக்கத்தின் பெயரையும் நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யார் தரவிறக்கினாரோ அவரே பிறகு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவரே இந்த வேலையைச் செய்யட்டும். இப்படிப்பட்ட பதிவுகளை 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் சமர்ப்பிக்கும்போது வழக்கு விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். இந்தத் தவணையைத் தவறவிட்டு நல்ல ஆதாரத்தை இழந்தவர்கள் உண்டு.

பி அறிக்கையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைச் சட்டத்தரணி வழக்கேட்டிலிருந்து எடுத்துத் தருவார். வந்ததும் செய்தியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். அந்தப் பட்டப்பெயர் அதில் இருக்கிறதா? "பாதாள உலகக் குழு" இருக்கிறதா? நீதவானிடம் சொல்லத் துணியாததைக் கமரா முன்னால் சொல்லியிருந்தால் உங்கள் அடிப்படை உரிமை மனுவின் முதுகெலும்பே அதுதான்.

ஊடகத்துக்கும் அரசியல்வாதிக்கும் என்ன செய்வது?

ஊடகச் சந்திப்பு வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் வழக்குத் தொடுநர் கேட்டுக்கொண்டிருப்பார். "அன்று இரவு கூட்டாளி ஒருவன் வந்துபோனான், அவன் வைத்திருக்கலாம்" என்று அம்மா ஒரு வாக்கியம் சொன்னால், தம்பி பிறகு கொடுக்கப்போகும் விளக்கத்தை அது அடைத்துவிடும். விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றிப் பகிரங்கமாக வாதாடுவதற்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீதிமன்ற அவமதிப்புக்கென 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஊடகம் எல்லை மீறியது என்று முறையிடப் போகும் நீங்கள் அதே எல்லையை மீறக் கூடாது. கேட்பவர்களுக்கு ஒரே பதில் போதும்: வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அவர் சந்தேகநபர் மட்டுமே.

பத்திரிகையிலோ அதன் இணையப் பக்கத்திலோ வந்திருந்தால் முதலில் ஆசிரியருக்குத் திருத்தமும் பதிலுரிமையும் கேட்டு எழுதுங்கள். சரிவராவிட்டால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். அது பத்திரிகைத் துறை தானாக அமைத்துக்கொண்ட அமைப்பு. நட்டஈடு வாங்கித் தராது, திருத்தம் வாங்கித் தரும். தனியார் தொலைக்காட்சிக்கு அப்படியொரு சுயாதீன அமைப்பு நம் நாட்டில் இல்லை. அலைவரிசைக்கு நேரடியாக எழுதுவதும் மாவட்ட நீதிமன்றத்தில் மானநட்ட வழக்குமே வழி. குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2002இலேயே நீக்கிவிட்டார்கள், ஆகவே பொலிஸில் அவதூறு முறைப்பாடு செய்து பயனில்லை. மாவட்ட நீதிமன்றத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இப்போதே ஓடத் தேவையில்லை. பொலிஸார் சொன்னதைச் சொன்னோம் என்று அலைவரிசை தப்பப் பார்க்கும். குற்றவியல் வழக்கு முடிவதற்குள் மானநட்ட வழக்கில் தம்பியைக் கூண்டில் ஏற்றினால் அவருக்கே பாதகம். சட்டத்தரணியின் கடிதம் ஒன்றை மட்டும் இப்போது அனுப்பி வையுங்கள்.

அரசியல்வாதி பேசிய இடம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குள் சொன்னால் சிறப்புரிமை காக்கும், வழக்குப் போட முடியாது. கூட்டமேடையிலோ முகநூலிலோ சொன்னதற்கு அந்தக் கவசம் இல்லை. ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்ற பகுதியை வைத்துப் பொலிஸில் முறைப்பாடு பதிந்து வையுங்கள். யாராவது கல்லெறிந்தாலோ கதவைத் தட்டினாலோ அந்த முறைப்பாட்டு இலக்கம் தேவைப்படும்.

ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கைதியைத் திட்டுவதில் அரசியல்வாதிக்குச் செலவே இல்லை. விளக்கமறியலில் இருப்பவர் வாக்குரிமையை இழப்பதில்லை, ஆனால் சிறைக்குள் வாக்குப்பெட்டி வருவதுமில்லை. நம் நாட்டில் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2018இல் மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிடப் போவதாக அறிவித்தார். 2019இல் தூக்குப் போடுபவருக்கு விளம்பரம் போட்டார்கள், நான்கு பேருக்கான உத்தரவில் ஜனாதிபதி கையெழுத்திட்டதாகவும் அறிவித்தார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதே ஆண்டு நவம்பரில், பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில், றோயல் பார்க் அடுக்குமாடிக் கொலைக் குற்றவாளிக்கு அவரே மன்னிப்புக் கொடுத்தார். 2024இல் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை இரத்துச் செய்தது. கடுமையும் கருணையும் யாருக்கு எப்போது கிடைக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17இல் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் கமராவோடு வீட்டுக்குள் போவது வாடிக்கையாகிவிட்டது. அதை முன்னெடுத்த அன்றைய பதில் பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னகோன், ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நாளாந்தம் எத்தனை பேர் கைது என்ற எண் செய்திக்கு வந்தது. எத்தனை பேர்மீது குற்றம் நிரூபிக்கப்பட்டது என்ற எண் அந்த வேகத்தில் வரவில்லை.

"உள்ளே இருப்பவர்கள் எல்லாம்" என்ற வரி

கடைசிக் கேள்வியில் ஒரு வார்த்தை உங்களோடு பேச வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் உண்மையான குற்றவாளிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு முன் உங்கள் தம்பியைத் தொலைக்காட்சியில் பார்த்த அயலவர்கள் நினைத்ததும் இதைத்தான்.

இலங்கைச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்பு வழங்கப்படாத விளக்கமறியல் கைதிகள். தம்பி படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குவதாகச் சொன்னாரே, நெரிசலுக்கு அதுவே பெரிய காரணம். தண்டனை பெற்றவர்களுக்கு வெள்ளை உடை, தம்பி போன்றவர்களுக்குச் சொந்த உடை. செய்தியில் சிறைச்சாலையின் வெளிக்கதவை மட்டும் காட்டுவதால் இந்த வேறுபாடு மக்கள் கண்ணில் படுவதேயில்லை. தண்டனை பெற்றவர்களுக்கும் சட்டம் உரிமைகளை விட்டுவைத்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

2015இல் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது 17 வயது மாணவன் ஒருவனையும் இன்னொருவரையும் கைது செய்தார்கள். நாடே அவர்களைத் தூக்கில் போடச் சொன்னது. மரபணுப் பரிசோதனை பொருந்தவில்லை, விடுவித்தார்கள். 2016இல் தண்டனை பெற்றவர் வேறொருவர். 2019 மே மாதம் ஒரு வைத்தியர் ஆயிரக்கணக்கான தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாக ஒரு பத்திரிகையின் முதல் பக்கம் சொன்னது, மறுநாள் குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்குச் சொன்னது. 2020 நவம்பர் 29இல் மஹர சிறையில் 11 பேர் இறந்தபோது, மாத்திரை போட்டு ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள் என்ற கதை நாடாளுமன்றம்வரை போனது. பிரேதப் பரிசோதனைகள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. 1983 ஜூலையில் வெலிக்கடையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளில் விசாரணையே நடக்காதவர்களும் இருந்தார்கள் என்பதை நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஊருக்கு நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுநர், அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். "மற்றவர்கள் மாதிரி இல்லை என் தம்பி" என்று சொல்லத் தொடங்கினால், தம்பி நல்லவன் என்பதை நீங்கள் காட்ட வேண்டும் என்ற பந்தயத்துக்குள் போய்விடுவீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் சண்டை போட்டது முதல் எல்லாம் கிளறப்படும். பொலிஸார் காட்டிய பொட்டலம், எடை, இடம், நேரம் ஆகியவற்றோடு மட்டும் நில்லுங்கள்.

வேலை, வீடு, பிள்ளை

முதலாளி வாயால் நிறுத்தினால், வேலைக்கு வர முடியாத காரணத்தையும் விளக்கமறியல் நாளையும் குறிப்பிட்டு, வேலையை விட்டு விலகவில்லை என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் தானாக வேலையைக் கைவிட்டார் என்பார்கள். வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வீட்டுக்காரர் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியேற்றவோ தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிக்கவோ முடியாது. வாடகையை வழக்கம்போலக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் காசுக்கட்டளையாக அனுப்பி அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் முகம் விஷயத்தில் காத்திருக்கத் தேவையில்லை. பிரதியைச் சேமித்தவுடன் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929இல் முறையிடுங்கள். அலைவரிசைக்கு அனுப்பும் கடிதத்தில் சிறுமியின் முகத்தை உடனே மறைக்கக் கேளுங்கள். பேஸ்புக்கில் சிறுவர் படம் என்ற காரணத்தைத் தெரிவு செய்து முறைப்பாடு செய்யுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை செர்ட் அமைப்பின் 101 இலக்கமும் இதற்கு உதவும். வகுப்பாசிரியரை நீங்களே நேரில் சந்தித்து இரண்டு வரி சொல்லுங்கள். மாணவர்கள் வாயால் கேட்பதற்கு முன் அவர் உங்களிடம் கேட்பது நல்லது.

தம்பியைப் பார்க்கப் போகும்போது வழக்கு விவரங்களைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தமாகப் பேசாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. அதைச் சட்டத்தரணி பேசட்டும். நீங்கள் கேட்க வேண்டியது உடம்பில் காயம் ஏதும் உண்டா என்பது. இருந்தால் சிறை வைத்தியரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள், அடுத்த தவணையில் நீதவானிடம் சட்டத்தரணி சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்கட்டும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. இப்படியான செய்தி வந்த வீடுகளைத் தேடி, பொலிஸில் ஆள் இருக்கிறது, எடையைக் குறைத்துத் தருகிறேன், வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்று காசு கேட்டு வருவார்கள். பகுப்பாய்வாளர் அறிக்கையில் எவரும் வெளியிலிருந்து கை வைக்க முடியாது. வந்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் குறித்து வைத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.